குடிஜலத்தில் காரீயமும் செம்பும்

(கும்மிடிப்பூண்டி வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



ஜலத்தைக் காய்ச்சிக் குடித்தல் வேண்டும் என்பதை யாவரும் அறிவீர்கள். காய்ச்சினால் காலரா, பேதி முதலியவற்றின் கிருமிகள் மடியும். ஆனால் காரீயமும் செம்பும் கிருமிகளல்ல, உலோகங்கள். அவை கொதியில் அழியா. ஜலம் சுண்டச் சுண்ட அவற்றின் அளவு விகிதத்தில் ஏறவே செய்யும். துணியில் வடிகட்டுவதாலும் கரைந்த உலோகம் நீங்காது.

செம்பு சிறு அளவில் தேகத்திற்கு வேண்டியதே; மிகுந்தால் வாந்தியும் வயிற்று வலியும் உண்டாகும். காரீயமோ சிறிதும் வேண்டாதது. நிறத்தாலும் மணத்தாலும் ருசியாலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. வயிற்றினுள் சென்ற காரீயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் 4, 5 மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் தேகம் ஏற்கிறது. அது அவர்களுடைய மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். அந்நஷ்டம் பின்னர் ஈடாவதில்லை. ஆகையால்தான் இந்தியத் தர நிர்ணயம் 1 லிட்டர் குடிஜலத்தில் காரீயம் 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது.

இது ஜலத்தில் சேரும் வழிகள் இரண்டு. முதலாவது, வெளியிலிருந்து வருவது. நம் சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய மின்கலங்களிலிருந்து காரீயம் உருக்கி எடுக்கும் ஆலைகள் உண்டு. இவ்வகைத் தொழிலின் தூளும் கசடும் முறைப்படி அடக்கப்படாவிடில் மண்ணிலும் மூடாத கிணற்றிலும் படியும். மின்கலங்களை வீட்டு முற்றத்தில் உடைப்பது அதனினும் அபாயம்.

இரண்டாவது, குழாயிலிருந்தே வருவது. அமெரிக்காவின் பிளிண்ட் நகரில் 2014-ம் வருஷம் ஆற்று ஜலத்தை, அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்காமல் விநியோகித்தனர். பழைய குழாய்களின் காரீயம் கரைந்து வீடுகளுக்குச் சென்றது. நம் நாட்டிலும் பி.வி.சி. குழாய்களில் காரீயச் சேர்க்கையைக் கட்டுப்படுத்த 2021-ல் விதிகள் பிறந்தன. பித்தளைக் குழாய்களிலும் காரீயம் கலந்திருத்தல் உண்டு.

ஆகையால் இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் ஜலத்தைப் பாத்திரம் துலக்கவும் செடிக்கும் விடுங்கள், பின்வருவதைப் பிடியுங்கள். புளி, மோர் முதலியவற்றைச் செம்புப் பாத்திரத்தில் வையாதீர்கள். ஈயச் சொம்பு வாங்குகையில் அது கலப்பற்ற வெள்ளீயமா என்று விசாரியுங்கள். குழந்தைகளுக்குக் கேழ்வரகும் கீரையும் பாலும் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த தேகம் காரீயத்தை அதிகம் ஏற்கும்.

இவை தற்காப்பு மட்டுமே. உண்மை நிலையைப் பரிசோதனையே காட்டும். ஒரு குடும்பம் தனியே கேட்பதைக் காட்டிலும் கிராமம் ஒன்றுகூடிக் கேட்பது பலன் தரும். கிராம சபையில் தீர்மானம் செய்து, கிணறு, ஆழ்குழாய், வீட்டுக் குழாய் ஆகியவற்றின் ஜலத்தைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச்சாலைக்கு அனுப்புங்கள். காரீயத்தைப் பரிசோதிக்க வேண்டுமெனத் தெளிவாய் எழுதுங்கள். அளவு மிகுந்திருப்பின், அறிக்கையின் நகலுடன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் கலெக்டருக்கும் மனுச் செய்து, வேறு ஜலத்திற்கு ஏற்பாடு கோருங்கள்.

சங்கத்தின் கணக்கை வருஷந்தோறும் தணிக்கை செய்கிறோம். நம் குழந்தைகள் குடிக்கும் ஜலத்திற்கும் அவ்வாறே வருஷந்தோறும் தணிக்கை வேண்டும். அதற்கான முதல் தீர்மானத்தை இக்கூட்டத்திலேயே நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.