தாங்குவோர் கூடினால்

பலர் கூடி இசைக்கும் ஓர் அரங்கில் நம் செவி முதலில் யாரை நாடுகிறது? பாடுபவரை நாடுகிறது, அடுத்து, மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் கருவிகளை நாடுகிறது. கீழே நின்று, தாளத்தின் அடிகளோடு இணைந்து ஒரு கனத்த ஒலியை வைத்து, பாட்டு எங்கே நிற்கிறது, எத்திசையில் செல்கிறது என்பதை உணர்த்திக்கொண்டிருப்பவரை நாம் நினைப்பதேயில்லை. அவர் சற்றே கையை எடுத்துவிட்டால் மட்டும், 'என்ன இது, பாட்டு திடீரென்று இளைத்துவிட்டதே' என்று தோன்றுகிறது. வீட்டின் மாடத்தையும் சாளரத்தையும் புகழ்வோர் கடைக்காலைப் பற்றிப் பேசுவதில்லை அன்றோ?

மேலைநாட்டு இசைக் குழுக்கள் பலவற்றில் இந்தக் கடைக்கால் வேலையைச் செய்யும் கருவி பேஸ் கித்தார். அதில் வல்லவர் ஒருவர் தனியே வாசித்தாலே அது முறையா என்று கேட்போர் உண்டு. அத்தகைய வல்லவர்கள் இருவரோ மூவரோ ஒரே மேடையில் கூடி, ஒருவர் கற்பனைக்கு மற்றவர் விடையளித்து அங்கேயே புனைந்து வாசிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? இவ்வாறு வாசிப்பதை அந்நாட்டார் 'ஜாம்' என்பார்கள். இதைப் பற்றி இசையறிந்தோரிடையே இருவேறு கருத்துகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. அவ்விரண்டையும் நேயர்கள் முன் வைத்து, என் முடிவையும் கூற விரும்புகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். பேஸ் கித்தாருக்கு முன்பு அந்த வேலையைச் செய்தது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபிள் பேஸ் என்னும் பெரிய மரக் கருவி. அதைச் சுமந்து செல்வது கடினம். டிரம்மும் எக்காளமும் முழங்கும் இடத்தில் அதன் ஒலி அமுங்கிப்போகும். 1951-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க, மின்சாரத்தால் ஒலி பெருகும் பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் இருப்பதுபோல் அதிலும் மெட்டுகள் உண்டு. ஆதலால் சுரம் பிசகாமல் விரல் வைக்கலாம். வழக்கமான அமைப்பில் தந்திகள் நான்கு. மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கித்தாரின் தாழ்ந்த தந்திக்கும் ஒரு ஸ்தாயி கீழே இது ஒலிக்கிறது.

இக்கருவி பிறந்த அதே 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த இருவர், பின்னாளில் அதன் போக்கையே மாற்றினார்கள். ஒருவர் ஸ்டான்லி கிளார்க். மற்றவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். பாஸ்டோரியஸ் 1987-ஆம் ஆண்டில், இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். கிளார்க்கை 2006-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பேஸ் கலைஞர்கள் கூடிப் பாராட்டினார்கள். அந்த மேடையில் அவரோடு மார்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் என்னும் இரு வல்லவர்கள் சேர்ந்து வாசித்தார்கள். அந்தச் சேர்க்கையின் பயனாக 2008-ஆம் ஆண்டில் 'தண்டர்', அதாவது 'இடி' என்ற பெயரில் மூவரின் இசைத்தட்டு வெளிவந்தது. விவாதமும் அதனோடு மீண்டும் கிளம்பிற்று.

எதிர்ப்போர் கூறுவது இது. 'பேஸ் என்பது தாங்கும் கருவி. தாங்குவதற்கு மேலே ஒன்று இருக்க வேண்டும். மூன்று கடைக்கால்களைப் போட்டுவிட்டு வீட்டைக் கட்டாமல் விடுவது என்ன கட்டடம்? அங்கே கேட்பது விரல்களின் வேகம். அது விளையாட்டுப் பந்தயத்துக்கு உரியது, இசைக்கு உரியது அன்று. ஒருவர் நொடிக்கு எத்தனை சுரம் வாசித்தார் என்று வியப்பவர்கள், வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு மெட்டையாவது முணுமுணுத்துக்கொண்டு போகிறார்களா?' இவ்வாறு வினவும் அவர்கள், ஜேம்ஸ் ஜேமர்ஸனைச் சான்றாகக் காட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் 1960-களில் பேஸ் வாசித்தவர் அவர். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்தியை மீட்டினார். மேடையின் முன்வரிசைக்கு வராமலே, உலகமெல்லாம் ஆடவும் பாடவும் செய்தார். 'அவரல்லரோ கலைஞர்!' என்கிறார்கள்.

இவ்வாதத்துக்கு ஒலியியலும் துணை நிற்கிறது. மேல் ஸ்தாயியில் இனிமையாகச் சேரும் இரண்டு சுரங்களை அப்படியே மிகக் கீழே இறக்கி வாசித்தால், அவை ஒன்றோடொன்று உரசி உறுமுகின்றன. நொடிக்கு 41 அதிர்வுள்ள சுரமும் 52 அதிர்வுள்ள சுரமும் ஒருங்கே ஒலிக்கையில், நம் காது அவற்றைத் தெளிவாகப் பிரித்துணர்வதில்லை. மேலும், தாழ்ந்த ஒலிகளைக் கேட்பதில் மனிதச் செவி மந்தமானது. பிளெட்சர், மன்சன் என்னும் இரு விஞ்ஞானிகள் 1933-ஆம் ஆண்டில் இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே தாழ்ந்த சுரங்களை மிகுந்த வலிமையோடு ஒலிக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. வலிமை மிகுந்தால் அவை தமக்கு மேலுள்ள ஒலிகளை மூடிவிடுகின்றன. மூன்று பேஸ் கித்தார்கள் ஒரே சமயத்தில் கீழே இறங்கி முழங்கினால், வண்டல் கலங்கிய குட்டைபோல் ஆகிவிடும் என்பதில் ஐயமில்லை.

இனி, ஆதரிப்போர் கூறுவதையும் கேட்போம். 'ஒரு கருவி பிறந்தபோது செய்த வேலையையே என்றென்றும் செய்ய வேண்டும் என்பது என்ன நியதி? செல்லோ என்னும் கருவியும் ஒருகாலத்தில் பிற இசைக்கு அடியொலியாகவே பெரிதும் பயன்பட்டது. ஏறக்குறைய 1720-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மானிய இசைமேதை பாக், அதனைத் தனியே நிறுத்தி ஆறு தொகுதிகள் இயற்றினார். இன்று அதைத் தவறென்பார் உண்டோ? பாஸ்டோரியஸ் தம் கித்தாரின் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டில், சாக்ஸபோனுக்கென்று எண்ணப்பட்டிருந்த விரைவான ஓர் உருப்படியை ஒரு தோல்கருவியின் துணையோடு மட்டும் வாசித்துக் காட்டினார். தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் துணைச் சுரங்களாலேயே ஒரு முழு உருப்படியையும் அமைத்தார். அவருக்குப் பின் அந்தக் கருவியின் எல்லை எது என்று யாரால் சொல்ல முடியும்?' என்பது அவர்கள் கேள்வி.

அவர்கள் எடுத்துக்காட்டும் மற்றொரு செய்தி என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. பெருவிரலால் தந்தியைத் தட்டியும், மற்றொரு விரலால் அதை இழுத்துவிட்டும் வாசிக்கும் ஒரு முறை உண்டு. வித்தைக்காட்சி என்று பலரும் ஏளனம் செய்வது இந்த முறையைத்தான். இது எவ்வாறு பிறந்தது தெரியுமா? லாரி கிரஹாம் என்பவர் இளமையில் தம் தாயாரோடு சேர்ந்து விடுதிகளில் வாசித்துவந்தார். குழுவில் டிரம் வாசிக்க ஆளில்லாமல் போயிற்று. அந்தக் குறையை ஈடுசெய்யவே, பெரிய டிரம்மின் அடிக்குப் பதிலாகப் பெருவிரலால் தட்டினார். சிறிய டிரம்மின் அடிக்குப் பதிலாகத் தந்தியைச் சுண்டினார். இன்று ஆரவாரம் என்று எண்ணப்படுவது, அன்று இல்லாத ஒருவருடைய பாரத்தையும் சேர்த்துச் சுமந்த ஒருவரின் தொண்டு.

நேயர்களே, விடை இந்தச் செய்தியிலேயே அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். வேகமா, அடக்கமா என்பது கேள்வியன்று. பாரத்தைச் சுமப்பவர் யார் என்பதே கேள்வி. வல்லவர் மூவர் கூடும்போது, அந்தக் கணத்தில் கீழே இறங்கி நின்று மற்ற இருவரையும் தாங்குபவர் ஒருவர் வேண்டும். தாங்கும் முறை ஒருவரிடமே தங்கிவிடாமல் கைமாறிக்கொண்டும் இருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் அது இசை. மூவரும் மேலே நின்றால் வெறும் பந்தயம். மூவரும் கீழே நின்றால் நான் முன்பு சொன்ன கலங்கிய குட்டை.

இப்படிக் கூடித் தாங்கியவர்கள் உண்டு. ரே பிரவுன், ஜான் கிளேட்டன், கிறிஸ்டியன் மெக்பிரைட் என்னும் மூன்று டபிள் பேஸ் கலைஞர்களின் கூட்டு இசைத்தட்டு 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது பேஸ் கித்தார் அன்று. எனினும் தாங்கும் தொழில் ஒன்றே. பிரவுன் 1926-இல் பிறந்தவர். பியானோ மேதை ஆஸ்கார் பீட்டர்ஸனுக்குப் பல ஆண்டுகள் துணைநின்றவர். கிளேட்டன் அவரிடம் பயின்ற மாணவர். வில்லால் இழைத்து வாசிப்பதில் தேர்ந்தவர். மெக்பிரைட் 1972-இல் பிறந்தவர். மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே 46 ஆண்டு இடைவெளி. அத்தகைய கூட்டில் மூத்தவர் நடையைப் பிடித்துக்கொண்டால் இளையவர் பறக்கலாம். இளையவர் நடையை ஏற்றுக்கொண்டால் மூத்தவர் பாடலாம். ஆசிரியரை மாணவர் தாங்கும் அந்த வேளையில், வேகத்தை எண்ணிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்?

கிளார்க், மில்லர், வூட்டன் மூவரின் தட்டையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அவர்களுக்கு ஒலியியலின் தடை தெரியும். கிளார்க் உயர்ந்த சுருதியில் கூட்டப்பட்ட சிறிய பேஸ்களை வாசிப்பதில் பேர்பெற்றவர். பெரிய மரக் கருவியையும் வில்லையும் கையாள வல்லவர். மில்லர் பேஸ் கிளாரினெட் என்னும் ஊதுகருவியையும் எடுத்துக்கொள்வார். வூட்டன் பெருவிரலை மேலும் கீழுமாக ஓட்டித் தாளக் கருவிபோல் ஒலிக்கச் செய்வார். இடத்தைப் பகிர்ந்துகொள்ள இவை வழிகள். மைல்ஸ் டேவிஸின் 1986-ஆம் ஆண்டு இசைத்தட்டுக்காக மில்லர் இயற்றிய 'டூட்டு' என்ற உருப்படியை மூவருமாக இதில் வாசித்திருக்கிறார்கள். அங்கே பாட்டு முதலில் நிற்கிறது. வாசிப்பவர் பின்னால் நிற்கிறார். அதே தட்டில், தந்தியைத் தட்டும் திறமையே முன்னிற்கும் பகுதிகளும் உள்ளன. அவற்றை ஒருமுறை கேட்டு வியக்கலாம். மறுமுறை கேட்க நான் 'டூட்டு'வைத்தான் தேடுவேன். எதிர்ப்போரின் குற்றச்சாட்டு முழுப் பொய்யன்று என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் அவர்கள் ஜேமர்ஸனைச் சான்றாக அழைப்பதைப் பற்றி ஒரு சொல். அவர் அடக்கமாக நின்றார் என்பது பாதி உண்மை. அவருடைய பேஸ் இசையை உற்றுக் கேட்டால், அது பாட்டுக்கு அடியில் ஓடும் மற்றொரு பாட்டாகவே இருக்கிறது. வளைந்தும் தாவியும் செல்லும் அந்த நடையில் வித்தைக்குக் குறைவில்லை. மற்றொன்று: அக்காலத்து இசைத்தட்டுகளின் உறையில் பல ஆண்டுகள் வரை அவர் பெயரே அச்சிடப்படவில்லை. 1971-ஆம் ஆண்டில் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் அவர் பெயர் குறிக்கப்பட்டது. 1983-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ராக் இசையின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது 2000-ஆம் ஆண்டில். தானே விரும்பிப் பின்வரிசையில் நிற்பது பண்பு. ஒருவரைப் பின்வரிசையில் நிறுத்தி, பெயரையும் மறைத்துவிட்டு, அதற்கு அடக்கம் என்று பெயர் சூட்டுவது நீதியன்று. தாங்குவோர் தம் பெயரோடு ஒருநாள் முன்வரிசைக்கு வந்து, தமக்குள் கூடி மகிழ்ந்து வாசிப்பதை நாம் முகஞ்சுளிக்காமல் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வூட்டனின் இளமைக் கதையும் இதற்குப் பொருந்தும். உடன்பிறந்த ஐவரில் அவர் கடைக்குட்டி. தமையன்மாரின் குடும்பக் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. மூத்தவர் ரெஜி, குழந்தையாக இருந்தபோதே தம்பியின் கையில் கருவியைக் கொடுத்துப் பழக்கினார். நால்வர் தன்மீது நிற்கக் கற்றுக்கொண்ட பிறகே அவர் தனியே நிற்கக் கற்றார். அந்த வரிசைமுறை முக்கியமானது.

ஆகவே, இத்தகைய இசையை நீங்கள் கேட்க நேர்ந்தால், வேகமாக ஓடும் விரலின் ஒலியைச் சற்று ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கும் சுரத்தைத் தேடுங்கள். அது இருக்கிறதா? யார் கையில் இருக்கிறது? சிறிது நேரத்துக்குப் பின் வேறொருவர் கைக்கு அது மாறுகிறதா? மாறும் அந்த நொடியில் பாட்டு தளராமல் நிற்குமானால், வல்லவர்கள் கூடியது வீணாகவில்லை.