வீட்டுக் காய்கறித் தோட்டமும் மான் வேலியும்
(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிங்கப்பூருக்குச் சென்று வந்தோர் உங்களுள் பலர் இருப்பீர்கள். 1827-ஆம் ஆண்டில் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் ஆலயத்தில் வழிபாடு முடித்து வெளியே வந்தால், நான்கு புறமும் சைனாடவுன். சிறிது நடந்தால் ஸ்மித் தெருச் சந்தை. கீரைக்கட்டை அங்கே விலை கொடுத்து வாங்கிச் செல்லும் அதே மக்கள், தங்கள் அடுக்குமாடி வீட்டின் வாசலில் நான்கு தொட்டிகளில் மிளகாயும் கறிவேப்பிலையும் வளர்ப்பதைக் காணலாம். தீப்பாதுகாப்பு விதிப்படி நடைவழியில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டாக வேண்டும். அதுபோக மிஞ்சுகின்ற ஓரந்தான் அவர்களுடைய விளைநிலம்!

அந்த இடமே ஒருகாலத்தில் தோட்டமாக இருந்தது என்பதை நினைக்க வியப்பாக உள்ளது. இன்று கடைவீடுகள் நிறைந்துள்ள ஆன் சியாங் குன்றில் சாதிக்காயும் கிராம்பும் பயிரிடப்பட்டன. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகியபோது, நகர மக்கள் புல்வெளிகளையும் கொத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுப் பசியாறினர். அண்மைக் காலத்தில், 2020-ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில் தொடங்கி, அந்நாட்டுத் தேசியப் பூங்காக் கழகம் 400,000-க்கும் மேற்பட்ட இல்லங்களுக்குக் காய்கறி விதைகளை இலவசமாக வழங்கியது. தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெளியிலிருந்து தருவிக்கும் நாடு அது. ஆகவே அந்த விதைப்பொட்டலத்தை விளையாட்டாக எண்ணிவிடலாகாது.

அவர்களுக்கு ஆர்வம் உண்டு, நிலம் இல்லை. நமக்கோ லயத்தின் பின்புறமே நிலம் கிடக்கிறது. பிறகு ஏன் அங்கே லாலான் மண்டிக்கிடக்கிறது? கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: "போட்டால் மான் தின்றுவிடுகிறது, ஐயா." இதைச் சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று நாம் தள்ளிவிடவில்லை. காட்டோரத் தோட்டங்களில் ஒரே இரவில் ஒரு பாத்தி மொட்டையாவது உண்மை.

முதலில், வந்தது மான்தானா என்று அறிதல் வேண்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. ஆதலால் அது இலையைக் கத்தரிப்பதில்லை. பற்றி இழுத்துக் கிழிக்கும். தண்டின் முனை நார்நாராகக் கிழிந்திருந்தால் மான். கத்தியால் சீவியதுபோல் இருந்தால் எலி முதலிய கொறிக்கும் பிராணி. மண்ணே புரட்டப்பட்டுக் கிழங்கு காணாமற் போயிருந்தால் காட்டுப்பன்றி. எவ்வளவு உயரத்தில் கடித்திருக்கிறது என்பதையும் பாருங்கள். கடமானுக்கு ஆளுயரக் கொழுந்தும் எட்டும். கேளையாடும் சருகுமானும் தரையை ஒட்டியே மேயும்.

அடுத்து வேலி. கடமான் ஆறடி வேலியை எளிதில் தாண்டும், எட்டடி வேண்டும். அவ்வளவு கம்பிவலைக்குப் பணம் ஏது என்பீர்கள். சிக்கன வழி ஒன்று உண்டு. நாலடி உயரத்தில் இரண்டு வேலிகளை, இடையே நான்கைந்து அடி விட்டு அமையுங்கள். மான் உயரம் தாண்டும். ஆனால் உயரத்தையும் அகலத்தையும் ஒருசேரத் தாண்டத் தயங்கும். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தயங்கும். ஆகையால் பாத்திகளைச் சதுரமாக விரிக்காமல், லயத்துச் சுவரை ஒட்டி நீளமாகவும் குறுகலாகவும் அமைப்பது நலம். வேலியின் அடிப்பகுதியை முளையடித்து மண்ணோடு இறுக்குங்கள். கேளையாடு தாண்டுவதைவிட நுழைவதையே விரும்பும். கம்பத்துக்கு ரப்பர்க் கட்டை ஆகாது. பூச்சியும் பூஞ்சையும் விரைவில் அரித்துவிடும். கிளிரிசிடியாக் கம்பை நட்டால் அதுவே வேர்விட்டு நிற்கும். பழைய மீன்வலையைக் கட்டுவோர் அதனைத் தொய்வின்றி இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் வலையில் பாம்பும் சிக்கும், மானின் கொம்பும் சிக்கும். சோப்புத் துண்டு, தலைமயிர், கந்தல்துணி ஆகியவற்றைத் தொங்கவிடுவது சில நாள்களுக்குப் பயன்படும். அப்புறம் மான் பழகிக்கொள்ளும்.

இனி நாம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மானைத் தடுப்பதற்கென்று வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சாதீர்கள். விடியுமுன் இருளில் நிரைக்குச் செல்பவர் யார்? நாமே அல்லவா? அந்தக் கம்பி மானா, மனிதனா என்று பார்க்காது. கண்ணியும் அப்படியே, அது சிறுவனின் காலையும் பற்றும். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதைக் குற்றமாக்கியுள்ளது. நாலு வெண்டைக்காய்க்காக வழக்குமன்றம் ஏறுவானேன்?

சிங்கப்பூரிலும் கடமான் உண்டு என்றால் நம்புவீர்களா? பழைய காட்டுமான்கள் அங்கே அழிந்துபோயின. 1970-களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றின் வழி வந்தவையே இன்று மண்டாய்க் காட்டில் உலவுகின்றன. சாலையில் அவை வாகனங்களில் மோதாதிருக்க, 2019-ஆம் ஆண்டில் மண்டாய் ஏரிச் சாலைக்கு மேலே மரஞ்செடி நட்ட விலங்குப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. ஓரிடத்தில் அடைத்தால் வேறிடத்தில் வழிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. நாமும் மான் வழக்கமாக நடக்கும் தடத்தின் குறுக்கே வேலியிடாமல், தடத்தை விட்டு விலகிப் பாத்தி போட்டால் பாதித் தொல்லை அப்போதே குறையும்.

பயிர் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். மண்வெட்டி பிடித்த கைகளுக்கு நாம் கற்பிப்பதற்கு அதிகமில்லை. முற்றிய ரப்பர் மர நிழலில் காய்கறி தேறாது. நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பேறியது. சுண்ணாம்புத் தூளோ அடுப்புச் சாம்பலோ அளவாகக் கலந்து, மட்கிய கோழியெருவும் இடுங்கள். கீரையும் கங்கோங்கும் ஒரு மாதத்துக்குள் கறிக்காகும். பயற்றங்காயும் வெண்டையும் ஏழு வாரங்களில் காய்க்கத் தொடங்கும். மான் விரும்பும் சர்க்கரைவள்ளி, பயறு ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டியும், அது அவ்வளவாக நாடாத மஞ்சள், இஞ்சி, செரை ஆகியவற்றை வெளியோரத்திலும் நடுக. களைமருந்து கலந்த தகரத்தில் ஒருநாளும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வேலி முடிந்த பிறகே விதை போடுங்கள். முளையின் சுவை கண்ட மான் மறுநாளும் வரும். அதன்பின் வேலி கட்டினால் அதை முட்டிப் பார்க்கும். மானுக்குச் சாதகமான நேரம் அந்தியும் வைகறையும். பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் வேலிக்கதவு திறந்து கிடப்பது அந்த வைகறையில்தான். கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி வையுங்கள். அதைப் போடும் பொறுப்பை வீட்டில் கடைசியாக வெளியே வருபவரிடம் ஒப்படையுங்கள்.