திருவிழாவும் பொருளும்



ரிஷிவந்தியம் அருள்மிகு அர்த்தநாரீஸ்வரர் திருக்கோயிலில் தேனபிஷேகம் காண்பதற்கென்றே தொலைவூர்களிலிருந்து அன்பர்கள் வருகின்றனர். பாலும் தயிரும் ஆட்டும்பொழுது இலிங்கத் திருமேனியாக விளங்கும் பெருமான், தேன் வழியும்பொழுது உமையொரு பாகனாகக் காட்சி தருகின்றார் என்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு. அக்காட்சியில் உருகி நின்று, முத்தாம்பிகை அம்மையையும் வணங்கித் திரும்பும் அன்பர், அந்தத் தேன் எவர் பொருளில் வந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டுவதும் இல்லை. ஆயினும் எவரோ ஒருவர் அதற்குரிய பொருளைத் தந்திருக்கின்றார். வழிபாடு வேறு, பொருள் வேறு என்று நாம் நாவால் பிரித்துப் பேசுகின்றோமே தவிர, நம் முன்னோர் அவ்வாறு பிரித்து வைத்தாரில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர். ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் கோயிலுக்கு 96 ஆடுகளை அளித்தார். அவை கோயிற் கொட்டிலில் கட்டப்பட்டனவல்ல, இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்விடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். மந்தை பெருகினால் பயன் இடையர்க்கு, விளக்கோ அணையாது. இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடுகள்' என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த காசுகளும் கருவூலத்தில் உறங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டியாகப் பெறப்பட்டது. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்வட்டியில் பூசையும் விழாவும் நடந்தன. கடனில் உழவும் பாசனமும் நடந்திருக்கும். கோயிற் பொருள் ஊருக்குள் சுற்றி வந்தது என்பதே இதில் கருதத்தக்கது.

பிற்காலத்தில் நிலமே திருவிழாவுக்கு முதலாயிற்று. மேளக்காரருக்கு ஒரு மானியம், பூக்கட்டுவோருக்கு ஒரு மானியம், தீவட்டி பிடிப்பவருக்கு ஒரு துண்டு என்று நிலம் பகுக்கப்பட்டது. 1948, 1963 ஆகிய ஆண்டுகளின் ஜமீன், இனாம் ஒழிப்புச் சட்டங்களால் இம்முறை மாறிற்று. உழுதவனுக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது நியாயமே. அதனை எவரும் குறைகூற இயலாது. இழந்த வருவாய்க்கு ஈடாகக் கோயில்களுக்குத் தஸ்திக் என்னும் தொகை வழங்கப்பட்டது. நெல்லாக வந்தது பணமாக வந்தது. நெல்லின் விலை ஏறினால் நெல்லாக வரும் வருவாயும் ஏறும். எழுதி வைத்த தொகைக்கு அவ்வியல்பு இல்லை. நில வருவாயையே நம்பியிருந்த சிற்றூர்க் கோயில்களில் விழா சுருங்கியதற்கு பக்திக் குறைவைக் காரணம் காட்டுவோர் இந்தக் கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

மானியம் இல்லாத ஊர்க்கோயில்களைத் தாங்கியது தலைக்கட்டு வரி. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மாரியம்மன் திருவிழாவாயினும், திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் படித்துக் கூத்து நடத்துவதாயினும், ஊர் கூடிச் செலவைக் கணக்கிட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று விதிப்பது வழக்கம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய ஊர்களின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கரும்புப் பணம் கைக்கு வந்ததா, மரவள்ளிக்கு விலை கிடைத்ததா என்பதெல்லாம் அக்கூட்டத்தில் பேசப்படும். பத்துக் காணி உடையவரும் கூலிக்குச் செல்பவரும் ஒரே தொகை தருவது முறையோ எனின், பொருளியல் நோக்கில் முறையன்றுதான். ஏழைக்கு அது பெருஞ்சுமை. ஆனால் வரி கொடுத்த குடும்பத்துக்குக் கூட்டத்தில் பேசும் உரிமை உண்டு. தேர் அதன் வாயிலில் நிற்கும். தீபாராதனைத் தட்டு அதன் முன்னும் வரும். அச்சுமை வாங்கித் தந்தது அந்த உரிமையை.

இன்று நிலை வேறு. ஊரின் இளைஞர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் கடல் கடந்தும் தொழில் செய்கின்றனர். அவர்களுள் செல்வம் ஈட்டிய ஒருவர், "இவ்வாண்டுச் செலவு முழுவதும் என்னுடையது" என்று முன்வருகின்றார். ஊர் மகிழ்கின்றது, வரி இல்லை. பந்தல் பெரிதாகின்றது, வாணவேடிக்கை வானை மறைக்கின்றது, பெயர்ப்பலகையும் சுவாமியினும் உயரமாக நிற்கின்றது. கொடுத்தவரைக் குறைகூறுதல் தகாது. ஊரை மறவாத நெஞ்சமே அவ்வாறு கொடுக்கும். எனினும் வரி கொடாத குடும்பம் மெல்ல மெல்லத் திருவிழாவுக்கு விருந்தாளியாகி விடுகின்றது. வடம் பிடிக்க ஆளில்லை என்று பின்னர் வருந்துகின்றோம். தன் காசு ஒன்றுகூட இல்லாத தேரைத் தன் தேர் என்று எண்ணித் தோள் கொடுப்பவர் சிலரே. பெருநன்கொடை வந்த ஆண்டிலும் தலைக்கட்டுக்கு ஒரு ரூபாயேனும் வாங்கி ஏட்டில் பெயர் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. சில தெருக்களில் வரியே வாங்காத ஊர்கள் இருந்தன. அது சலுகையன்று, "உமக்கு இவ்விழாவில் பங்கில்லை" என்று சொல்லாமற் சொன்ன சொல். கள்ளக்குறிச்சி மாவட்டத்து எடுத்தவாய்நத்தத்தில் வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் 2023 ஜனவரி 2ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, காவல்துறைப் பாதுகாப்புடன் சென்று வழிபட்டனர். பெருமாளை வணங்கச் செல்வோருக்குக் காவல் வேண்டியிருந்தது என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய முறை அனைத்தும் பொன்னாக இருந்தன என்று பேசுவோர்க்கு இது விடையாகும்.

புதிய பொருளாதாரம் கெடுதலை மட்டுமே கொணர்ந்தது என்றும் கூறுவதற்கில்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் தேர்ச் சிற்பமும் வாகனமும் திருவுருவங்களும் செதுக்கும் தச்சர்கள் உள்ளனர். ஒரு தேர் செய்தால் பல தலைமுறை ஓடும். அடுத்த தேருக்கு எத்தனை ஆண்டு காத்திருப்பது? நகரத்து வீட்டுக் கூடங்களை அணிசெய்யச் சிற்பம் வாங்குவோர் தோன்றியமையால் உளி உறங்காதிருக்கின்றது. 2021ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூடத்துச் சிற்பத்துக்கு வந்த பணமே தேர் செதுக்கும் கையைக் காத்துத் தருகின்றது.

இம்மாவட்டத்துக் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவையும் காண்க. சித்திரைத் திங்களில் பதினெட்டு நாள் நடைபெறும் விழா அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் திருநங்கையர் அரவானுக்கென்று தாலி அணிந்து, கற்பூரம் ஏற்றிக் கும்மி கொட்டி இரவைக் கழிப்பர். மறுநாள் அரவான் களப்பலியானபின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளுடை தரிப்பர். ஓர் இரவுக்கெனக் கட்டும் தாலியைச் சுற்றி எத்தனை பேர் பிழைப்பு! பூ விற்போர், வளையற்காரர், கற்பூரக் கடை, சிற்றுண்டிக் கடை, விழுப்புரத்துத் தங்கும் விடுதிகள். அழகிப் போட்டிகளும் மேடைகளும் அவற்றுக்குப் பொருளுதவி செய்வோரும் பின்னாளில் வந்து சேர்ந்தனர். வணிகம் மிகுந்துவிட்டது என்று முணுமுணுப்போர் உண்டு. ஆனால் தேரில் பொருத்தும் அரவானின் உடலுறுப்புகளைச் சுற்றுக் கிராமங்கள் முறைப்படி கொணர்கின்றன. ஓர் ஊர் இல்லையேல் உருவம் முழுமை பெறாது. எத்துணைப் பெரிய செல்வரும் அம்முறையை விலைக்கு வாங்க இயலாது.

கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கூவாகம் விழா நடைபெறவில்லை. கூத்துக் கலைஞர்களும் மேளக்காரர்களும் பந்தற்காரர்களும் அவ்வாண்டுகளில் ஊர் ஊராகத் திருவிழா நின்றதால் பட்ட துன்பம் சிறிதன்று. 2022இல் தேர் மீண்டும் புறப்பட்டது. சுற்றுக் கிராமத்தார் தத்தம் முறைப்படி வந்தனர், திருநங்கையர் வந்தனர், மஞ்சள் கயிறு விற்போரும் பழையபடி கடை விரித்தனர்.