உட்கார ஓர் இடம்: பாழ்பட்ட பொதுவெளிகள் குறித்து

   

நான் என்ன பேசப்போகிறேன் என்பது இந்த அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். சிலர் மறுப்பையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். ஒரு பூங்கா கெட்டுப்போயிற்று என்றதும் நகர வடிவமைப்புத் துறையினராகிய நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘யாரை உள்ளே விடக்கூடாது?’ என்பதுதான். குடித்தவர்கள் படுக்கிறார்கள் என்று பெஞ்சைப் பெயர்க்கிறோம். நிழற்குடையில் பலகையை எடுத்துவிட்டு இரும்புக் குழாயைப் பொருத்துகிறோம். படுக்க வந்தவர் தரையில் படுத்துக்கொள்கிறார். உட்கார வந்த மூதாட்டிதான் திரும்பிப் போகிறார். ஆள் குறையக் குறைய, யாருக்கு அஞ்சினோமோ அவர்களுக்கே இடத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவைப் பலமுறை சொல்லிவிட்டேன், இன்றும் சொல்வேன். பொது நூலகத்தின் முதுகுப்புறம் இருக்கும் பூங்கா அது. 1934இல் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் காலத்தில் அதைத் திருத்தியமைத்தபோது, தெரு இரைச்சல் வேண்டாமென்று தரையைத் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்தி, சுற்றிலும் வேலியும் புதரும் வைத்தார்கள். வரைபடத்தில் அழகுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரியாது, வாயில்களும் குறைவு. 1970களில் போதைமருந்து விற்பவர்களுக்கு அதைவிட வசதியான இடம் வேறென்ன வேண்டும்?

அங்கே ஆய்வுக்கு வந்தவர் வில்லியம் எச். வைட். நகரின் அலுவலகச் சதுக்கங்களில் படக்கருவியை வைத்து மனிதர்களைக் கவனித்தவர். நியூயார்க்கின் 1961 கட்டட விதிப்படி, சதுக்கம் விட்ட கட்டட முதலாளிக்குக் கூடுதல் தளப்பரப்பு கிடைத்தது. ஆனாலும் பல சதுக்கங்கள் காலியாகவே கிடந்தன. வைட் கண்ட காரணம் எளிமையானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். 1975இல் திருத்திய விதி, 30 சதுர அடிச் சதுக்கத்துக்கு ஓரடி நீள இருக்கை வேண்டும் என்றது. நம் கட்டட விதிகளில் வண்டி நிறுத்தத்துக்குக் கணக்கு உண்டு; மனிதர் உட்காரக் கணக்கு எங்கே?

பிரையன்ட் பூங்காவுக்கு வைட் சொன்ன வழி இது: ஆளை விரட்டாதீர்கள், மற்றவர்களை வரவழையுங்கள். 1988இல் மூடி, 1992இல் திறந்தபோது புதர்கள் போயிருந்தன, வாயில்கள் அகன்றிருந்தன. புல்வெளிக்கு அடியில் நூலகத்தின் புத்தகக் கிடங்கு. மேலே பச்சை மடக்கு நாற்காலிகள், சங்கிலி கிடையாது. களவு போய்விடும் என்றுதான் எல்லோரும் எச்சரித்தார்கள். வைட் கவனித்த ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும்: அசைக்கக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருமுன் அதைச் சில அங்குலமாவது நகர்த்திப் போடுகிறார்கள். வெயில், நிழல் எதற்காகவும் அல்ல, பல சமயம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அந்த இடத்தின்மீது தமக்கு உரிமை உண்டென்று தமக்கே சொல்லிக்கொள்கிறார்கள். சிமென்ட் பெஞ்சு இதைத் தராது.

பூங்காவைத் தனியார் நிறுவனமல்லவா நடத்துகிறது, காப்பி வாங்குபவருக்கான பூங்கா அல்லவா என்று சமூகவியலாளர் ஷாரன் ஜூகின் வழிநின்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காவலும் பணமும் அங்கே உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் நிர்வாகத்தின் மீதுள்ள குறைக்கு நாற்காலியைத் தண்டிக்க வேண்டாம்.

இடம் யாருக்கு என்ற கேள்வி நம் ஊரிலும் உண்டு. சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் வந்தது. நடக்க அகலம் கிடைத்தது, நல்லது. நடைபாதை வியாபாரிகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அடுக்குமாடி வளாகத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டுமானால், 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தை வடிவமைப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதை இங்கே விரிக்க நேரமில்லை.

மாணவர்கள் செய்ய வேண்டியவை நிறைய. பொதுவெளிகளுக்கு வருபவர்களை மணிக்கு மணி எண்ண வேண்டும்: பெண்கள் எத்தனை பேர், தனியாக எத்தனை பேர், விளக்கேற்றிய பின் எத்தனை பேர். நம் வெயிலுக்கு நிழலில்லாத இருக்கை வீண். மரத்தையும் இருக்கையையும் ஒரே வரைபடத்தில் குறித்தவர் யாருமுண்டா? கழிப்பறைக்குத் தனி ஆய்வே வேண்டும். பிரையன்ட் பூங்காவில் கழிப்பறைக்குள் புதுப்பூ வைக்கிறார்கள். நமக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருந்தால் போதும். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.