நீர்மூழ்கி மாதிரியும் அந்தமான் கடலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டியே ஓடாத தீவுகளைப் பற்றிப் புகைவண்டி நிலைய எழுத்தர் பேச வந்ததேன் என்று முன்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. காரணம் உண்டு. நம் காலனி மாணவர் மூவர், வானொலி அலையால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி ஒன்றைத் தம் கையாலேயே செய்து வருகின்றனர். நீளம் மூன்றடி, எடை 4 கிலோ. சங்க நிதியிலிருந்தும் ஒரு சிறு தொகை அதற்கு அளிக்கப் பெற்றது. கோடை விடுமுறையில் அவர்களுள் ஒருவனின் தாய்மாமன் வாழும் அந்தமானுக்கு அதனை எடுத்துச் சென்று, கடலில் விட்டுப் பவளப்பாறைகளைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவர்தம் ஆவல். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நக்கவாரம் என்று பெயர் சொல்லும் தீவுகளும் அக்கடலில்தான் உள்ளன. தமிழ்ப் பிள்ளைகட்கு அங்கே செல்ல ஆவல் எழுவது இயல்பே. ஆயினும், ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் கடலோடு போய்விடலாகாதே என்பது நம் கவலை.

நீர்மூழ்கி என்றால் மூழ்குவதே அதன் திறம் என்று நாம் எண்ணுகிறோம். கல்லும்தான் மூழ்குகிறது! வேண்டிய ஆழத்தில் நிற்பதும், வேண்டியபோது மேலே வருவதுமே அரிய செயல்கள். இம்மாணவரின் கப்பலுக்கு நடுவே நீர்புகாக் குழாய் ஒன்று உண்டு. அக்ரிலிக் குழாயின் இரு முனைகளையும் ரப்பர் வளையமிட்ட மூடிகளால் அடைத்து, மின்கலத்தையும் மோட்டாரையும் வானொலி ஏற்பியையும் உள்ளே வைத்திருக்கின்றனர். உடலின் ஏனைய பகுதியில் நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும். மருத்துவரின் ஊசிக்குழல் போன்ற பெரியதொரு குழலும் அதில் உண்டு. தண்டு பின்னே இழுபட்டால் நீர் உள்ளே வந்து கப்பல் கனக்கும். முன்னே தள்ளப்பட்டால் நீர் வெளியேறிக் கப்பல் எழும். ஆர்க்கிமிடீசு கண்ட விதியே இது.

செய்ததைவிடச் சரிபார்த்ததே நெடுங்கதை. குழாயை வாளி நீரில் அமிழ்த்திக் காற்றை ஊதியபோது, சுழலியின் அச்சு வெளிவரும் துளையருகே குமிழிகள் எழுந்தன. பசையிட்டு, வளையம் மாற்றி, மீண்டும் ஊதி, அது அடங்க ஒரு வாரமாயிற்று. பின்னர் நிறை சமன்செய்யும் வேலை. ஈயம் அடியிலும் நுரைத்துண்டு மேலேயும் இருந்தால்தான் கப்பல் புரளாது. பத்துக் கிராம் ஈயத்தை அரை அங்குலம் முன்னே நகர்த்தினால் மூக்கு தாழும். பின்னே நகர்த்தினால் வால் தாழும். இவ்வாறு நகர்த்தியே பல மாலைகள் கழிந்தன. தம் சமையலறைத் தராசு மூன்று வாரமாய்க் காணவில்லை என்று ஓர் அம்மையார் நம்மிடம் முறையிட்டார். அது எங்கே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் நம் ஊர்த் தொட்டியின் நன்னீரில் நிகழ்ந்தவை. கடல்நீரோ நன்னீரைவிட நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே இங்கே அழகாய் மூழ்கும் 4 கிலோக் கப்பல், அந்தமானில் மூழ்க மறுத்து மிதக்கும். இன்னும் 100 கிராம் ஈயம் சேர்த்தாக வேண்டும். இது சிறு தொல்லை. பெருந்தொல்லை வேறு.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரத்தைக் கடத்தும் பொருள் வானொலி அலையை விழுங்கிவிடும். பொம்மைக் கப்பல்களுக்குப் பயன்படும் 27 மெகாஹெர்ட்ஸ் அலை, நன்னீரில் சில மீட்டர் ஆழம் செல்லும். கடல்நீரிலோ ஒவ்வொரு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் அதன் வலிவு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஓரடி ஆழத்தில் என்ன எஞ்சும் என்று மாணவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இந்நாளில் கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியோ இன்னும் மோசம். 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா வானொலியால் படகு ஓட்டிக் காட்டியபோது கூட்டம் மலைத்து நின்றது. ஆனால் அவர் ஓட்டியது நீர்மேல் மிதந்த படகு.

மெய்யான போர்க்கப்பல்கட்கும் இத்தொல்லை உண்டு. நம் நெல்லைச் சீமையில் விஜயநாராயணம் அருகே 1990-இல் தொடங்கப் பெற்ற ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகட்குச் செய்தி அனுப்புவதற்கென்றே அமைந்தது. அங்கிருந்து எழும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல்! அதற்கென வானளாவும் கம்பங்கள் நிற்கின்றன. இத்தனை பெரிய அலையும் கடலுக்குள் சில மீட்டர் ஆழமே இறங்கும். நீர்மூழ்கி செய்தியைக் கேட்கலாம். அதே வழியில் மறுமொழி சொல்ல இயலாது. அத்தகைய கம்பத்தை மூன்றடிக் கப்பலில் எப்படி நடுவது?

எனவேதான் அறிஞர்கள் கம்பியை நாடினர். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் அமைத்த, ஆளில்லா நீர்மூழ்கி ரோசப் 6000, 2010-இல் நடு இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் இறங்கியது, நீண்ட வடத்தைப் பற்றிக்கொண்டே. துருவ ஆராய்ச்சிக்கெனச் செய்த அவர்தம் இன்னொரு கருவி, அந்தமான் பவளப்பாறைகளையும் அவ்வாறே கண்டு வந்தது. 2020 ஆகஸ்டு 10-இல் தொடங்கி வைக்கப்பட்ட 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பிவடமும், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பிற ஏழு தீவுகட்கும் சொற்களைச் சுமந்து செல்கிறது. அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது.

நம் மாணவர்க்கும் கம்பியே துணை. உள்ளங்கையகலத் தக்கை ஒன்றை நீர்மேல் மிதக்கவிட்டு, அலைவாங்கியை அதில் நிறுத்தி, அங்கிருந்து மெல்லிய கம்பியைக் கப்பலுக்கு இறக்கலாம். வானொலி தக்கை வரை வரும். கம்பி அதனைக் கீழே கொண்டு செல்லும். கூடவே உறுதியான தூண்டில் நூல் ஒன்றையும் கட்டுக. குறிப்பு அறுந்தால் ஊசிக்குழல் தானே நீரை வெளியேற்றுமாறு அமைத்தலும் வேண்டும்.

இனி, பெற்றோர்க்கு ஒரு சொல். கப்பல் காணாமற்போனால் பிள்ளைகள் தேடிக்கொண்டு நீரில் இறங்குவர். அத்தீவுகளின் ஓடைகளிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. ஹேவ்லாக் தீவில் 2010-இல் முதலைக்கு ஓர் உயிர் பலியாயிற்று. ஆதலின் பெரியவர் உடனின்றி எவரும் நீரோரம் செல்லலாகாது. பவளம் சட்டத்தால் காக்கப்பட்டது. ஒரு துண்டும் எடுத்து வரலாகாது. வண்டூரிலுள்ள கடற்பூங்காவில் விடுவதாயின் முன்னரே வனத்துறையின் இசைவைப் பெறுக. விமானத்தில் செல்வோர் லித்தியம் மின்கலங்களைக் கைப்பையிலேயே கொண்டு செல்ல வேண்டும்.

விடுமுறைக்குப் பத்து வாரம் உள்ளது. வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குச் சங்கக் கட்டடத்தின் பின்புறத் தொட்டியில், தக்கையும் கம்பியும் கட்டி முதல் ஓட்டம் நடைபெறும். அன்பர் யாவரும் வருக. 100 கிராம் ஈயம் நாம் கொண்டு வருகிறோம். தராசு மட்டும் அம்மையார் இரவல் தரல் வேண்டும்.