வக்கீல் ஆபீசில் நான்கு வாரம்

(கல்வி உதவி வழங்கும் நாளில், நம் டிரஸ்டின் உதவி பெறும் சட்டக் கல்லூரி மாணவிகள் இருவர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)





நாங்கள் இருவரும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டை முடித்திருக்கிறோம். சட்டம் படிப்பவர்கள் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் என்னும் பயிற்சி பெற வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதி. அதற்காக இந்த ஜூனில், நீதிமன்றம் விடுமுறை முடிந்து திறந்ததும், சென்னையில் ஒரு வக்கீல் ஆபீசில் நான்கு வாரம் இருந்தோம்.

முதல் வாரம் ஜெராக்ஸ் எடுப்பதும், கேஸ் கட்டுகளுக்குப் பக்க எண் போடுவதுமே வேலை. "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். காலையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஜூனியர்கள் பின்னால் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவோம். நாள் முழுக்கக் காத்திருந்து, எங்கள் வழக்கு வராமலே திரும்பிய நாட்களும் உண்டு. மாலையில் மறுபடி ஆபீஸ்.

இரண்டாம் வாரம் ஒரு நில வழக்கின் சம்பவங்களைத் தேதி வாரியாக எழுதச் சொன்னார்கள். கிரயம் எழுதிக் கொடுக்க ஒப்பந்தத்தில் குறித்த கெடு 2019. நாங்கள் 2016 என்று அடித்துவிட்டோம். வழக்குப் போட்டது 2020-இல். கெடு முடிந்து மூன்று ஆண்டுக்குள் இத்தகைய வழக்கைப் போட வேண்டும். எங்கள் தேதிப்படி பார்த்தால் வழக்கே காலம் கடந்தது! ஜூனியர் அக்கா கண்டுபிடித்துத் திருத்தினார். சீனியர் திட்டவில்லை. "இது உங்களுக்கு ஒரு எண், அவருக்கு ஒரு வீடு" என்றார். அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு பக்க எண் போடுவதைக்கூட நாங்கள் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

இனி, சொல்லச் சங்கடமான ஒன்று. அமெரிக்காவில் பெரிய சட்ட நிறுவனங்கள் மாணவர்களை 'சம்மர் அசோசியேட்' என்று கோடையில் பத்து வாரம் போல வைத்து, நல்ல சம்பளமும் தருகின்றன. வேலையும் பெரும்பாலும் அங்கேயே அமைந்துவிடும். இங்கே நாங்கள் போனது போன்ற ஆபீஸ்களில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தங்குவதும் சாப்பிடுவதும் பஸ்ஸும் நம் செலவு. உள்ளே நுழையவே தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு மண்ணடியில் ஒரு சாச்சி வீடு இருந்தது. எங்களோடு படிக்கும் ஒரு தோழிக்குச் சென்னையில் யாருமில்லை. பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப அவளுடைய அத்தாவுக்கு மனமில்லை, ஹாஸ்டலுக்குப் பணமும் இல்லை. கடைசியில், போகாத ஆபீசுக்குப் போனதாக ஒருவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டாள். அது தவறுதான். ஆனால் அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சாச்சி வீடு இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம்?

நாளை அவளும் கறுப்பு கவுன் போடுவாள். யாரோ ஒருவருடைய பத்திரம் அவள் கைக்கு வரும். அது ஓர் அமானிதம். அதைச் சுமக்கப் பழகும் வாய்ப்பே அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே டிரஸ்டிடம் இரண்டு வேண்டுகோள். கல்லூரிக் கட்டணத்தோடு, இந்த நான்கு வாரத் தங்கும் செலவையும் கல்வி உதவியில் சேருங்கள். நம் சமுதாய வக்கீல்களில், பிள்ளைகளை உண்மையாகவே வேலை செய்யவிடுபவர்களின் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். சென்னையில் வீடுள்ள குடும்பத்தாரே, ஒரு மாணவிக்கு ஒரு மாதம் இடம் கொடுங்கள். வழி தெரியாமல் நிற்கும் தங்கைகளை முதல் நாள் நீதிமன்றம் வரை கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.

எங்களுக்காக துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.