ஊன் உண்ணும் ஊர்தி

புல்லுண்ணும் குதிரை தங்குமிடத்தில் மேய்ந்து பசியாறும். ஊனுண்ணும் ஊர்திக்கோ ஏறிச் செல்பவனே இரை சுமந்து செல்லவேண்டும். அவ்விரை நடுவழியில் தீர்ந்தால் என் செய்வது?

கிரேக்கரின் பழங்கதை கடியதொரு விடை கூறும். திரேசிய மன்னன் தயோமீதன் தன் குதிரைகளுக்கு மனித ஊனை ஊட்டி வளர்த்தான். இறுதியில் எர்க்குலிசு அம்மன்னனையே அவற்றுக்கு இரையாக்கினான். வளர்த்தவன் என்று அப்பசி பார்க்கவில்லை.

துருக்கியரின் நாடோடிக் கதை கூறும் விடை வேறு. தமையன்மாரால் வஞ்சிக்கப்பட்டுக் கீழுலகில் சிக்கிய இளவரசன், சும்ருது அங்கா என்னும் பெரும்பறவையின் குஞ்சுகளைப் பாம்பினிடமிருந்து காக்கின்றான். தாய்ப்பறவை அவனை மேலுலகிற்குச் சுமந்துசெல்ல இசைகின்றது. ஆயினும், நன்றி வேறு, பசி வேறு. "காக்" என்றால் இறைச்சி, "கூக்" என்றால் நீர் தரவேண்டும் என்பது உடன்பாடு.

மேலுலகை அணுகும் வேளையில் இறைச்சி தீர்ந்துவிடுகின்றது. பறவை மீண்டும் "காக்" என்கின்றது. இளவரசன் தன் தொடையை அரிந்து ஊட்டுகின்றான். சுவையால் உண்மை உணர்ந்த பறவை அதனை விழுங்காது நாவின்கீழ் வைத்துக்கொள்கின்றது. இறங்கியபின் அவன் நொண்டி நடக்கக் கண்டு, அத்தசையை எடுத்து உரிய இடத்திலே பொருத்துகின்றது.

இதனையொத்த கதைகள் பல நாடுகளில் வழங்குகின்றன. ஆர்னே, தொம்சன் என்போரின் நாட்டார்கதை வகைப்பட்டியலில் இவ்வகை 301 என்னும் எண் பெற்றுள்ளது.

இரையின் அளவு தவறியமைக்கு இளவரசன் தன் உடலையே விலையாகக் கொடுத்தான். பறவையோ பசித்திருந்தும் அவ்விலையைக் கொள்ள மறுத்தது. அந்நொடியிலேதான் ஊர்தி தோழமை ஆயிற்று.